கடைசி வரியில் ஒரு பெயர்: ஜெங்கர் வழக்கின் ஊர்களில் நான்கு நாட்கள்

ஆகஸ்ட் 3, மவுண்ட் வெர்னன்

நியூயார்க் நகரின் வடக்கு எல்லையைத் தாண்டியதும் வருகிற மவுண்ட் வெர்னனில், கிடங்குகளும் லாரிப் பட்டறைகளும் நிறைந்த ஒரு தெருவில், செயின்ட் பால் தேவாலயம் தன் பழைய கல்லறைத் தோட்டத்துடன் ஒதுங்கி நிற்கிறது. நான் பார்க்க வந்தது தேவாலயத்தை அல்ல, அதன் அருகில் இன்னும் மிச்சமிருக்கும் ஒரு துண்டுப் புல்வெளியை. ஈஸ்ட்செஸ்டர் என்று அழைக்கப்பட்ட அன்றைய கிராமத்தின் பொது மந்தை அது. ஆளுநரை விமரிசித்த பத்திரிகையை அச்சிட்டதற்காக நியூயார்க்கின் ஜெங்கர் மீது 1735இல் நடந்த வழக்கின் தடத்தைத் தேடும் பயணம் இது. 1733 அக்டோபர் 29 அன்று அங்கே நடந்த ஒரு தேர்தலிலிருந்துதான் இந்த நான்கு நாள் பயணத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று வீட்டிலிருக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

ஓர் ஆண்டு முன்புதான் லண்டனிலிருந்து வில்லியம் காஸ்பி என்பவர் நியூயார்க் காலனிக்கு ஆளுநராக வந்து சேர்ந்திருந்தார். அவர் வருவதற்கு முந்தைய 13 மாதங்கள் நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டவர் ரிப் வான் டாம் என்ற முதிய டச்சு வணிகர். அந்த மாதங்களுக்கு வான் டாம் வாங்கிய சம்பளத்தில் பாதியைத் தனக்குத் தர வேண்டும் என்று காஸ்பி கேட்டார். வான் டாம் தர மறுத்தார். ஜூரியின் முன் வழக்கு போனால் உள்ளூர்க்காரர்கள் தனக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிடுவார்கள் என்று காஸ்பிக்குத் தெரிந்திருந்ததால், ஜூரியே இல்லாத ஒரு விசாரணை முறையை உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் கொண்டு நடத்த ஏற்பாடு செய்தார். தலைமை நீதிபதி லூயிஸ் மாரிஸ் அதற்கு உடன்படவில்லை. இந்த நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று எழுதியதோடு, எழுதியதை அச்சிட்டும் வெளியிட்டார். அதை அச்சிட்டுக் கொடுத்தவர் ஜான் பீட்டர் ஜெங்கர் என்ற, அதிகம் அறியப்படாத ஓர் அச்சகக்காரர். காஸ்பி மாரிஸைப் பதவியிலிருந்து நீக்கி, முப்பது வயதை ஒட்டிய ஜேம்ஸ் டிலான்சியை அந்த நாற்காலியில் அமர்த்தினார்.

பதவி போன மாரிஸ், சட்டமன்றத்தில் காலியாக இருந்த ஓர் இடத்துக்குப் போட்டியிட்டு இந்தப் புல்வெளிக்கு வந்தார். அப்போது ரகசிய வாக்குச் சீட்டு இல்லை. ஆதரவாளர்கள் குதிரைகளில் திரண்டு வந்து, யார் பக்கம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஆளுநர் தரப்புக்குச் சாதகமாக நடந்துகொண்ட ஷெரீஃப், குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த 38 பேரைச் சத்தியம் செய்யச் சொன்னார். ஆணையிடுவது தங்கள் சமயத்துக்கு ஒவ்வாது, உறுதிமொழிதான் தர முடியும் என்று அவர்கள் நின்றுவிட்டதால், அவர்களுடைய வாக்கு ஏற்கப்படவில்லை. அப்படியும் மாரிஸ் 231க்கு 151 என்ற கணக்கில் வென்றார்.

வாக்கை இழந்தாலும் இழக்கிறோம், ஆனால் சத்தியம் செய்யமாட்டோம் என்று நின்ற அந்த 38 பேரை நினைத்துக்கொண்டு புல்வெளியின் ஓரத்தில் வெகுநேரம் இருந்தேன். ஜெங்கர் வழக்கை ஒரு மாபெரும் வழக்கறிஞரின் வாதத் திறமைக் கதையாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். எனக்கு அது, பெயர் தெரியாத பலர் ஒருவர் பின் ஒருவராக ‘முடியாது’ என்று சொன்னதன் கதையாகவே படுகிறது. அந்த வரிசையில் முதலில் நிற்பவர்கள் இந்தக் குவேக்கர்கள். தேர்தல் முடிந்து ஒரு வாரத்தில், நவம்பர் 5 அன்று, ஜெங்கரின் அச்சகத்திலிருந்து ‘நியூயார்க் வீக்லி ஜர்னல்’ வெளிவந்தது. இந்தப் புல்வெளியில் நடந்ததெல்லாம் அதன் முதல் இதழிலேயே செய்தியாயிற்று.

ஆகஸ்ட் 4, வால் ஸ்ட்ரீட்

இன்றைய தேதியில் இங்கே இருக்க வேண்டும் என்பதற்காகவே பயணச்சீட்டை அதற்கேற்ப எடுத்தேன். விசாரணை நடந்தது 1735 ஆகஸ்ட் 4. ஆனால் பிரிட்டனும் அதன் காலனிகளும் அப்போது பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றிக்கொண்டிருந்தன. இன்றைய கணக்குக்கு மாற்றினால் அது ஆகஸ்ட் 15 ஆகிறது. அந்தத் தேதியைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது, ஓர் இந்தியனாக எனக்கு மனம் நெகிழ்ந்தது.

காலையில் முதலில் போனது டிரினிட்டி தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். ஜெங்கருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த வில்லியம் பிராட்ஃபோர்ட் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார். ஜெர்மனியின் பாலட்டினேட் பகுதியிலிருந்து 1710இல் கப்பலேறிய அகதிக் குடும்பங்களில் ஒன்று ஜெங்கருடையது. தந்தை கடற்பயணத்திலேயே இறந்துவிட, பதின்மூன்று வயதுப் பையனை எட்டு ஆண்டு ஒப்பந்தத்தில் பிராட்ஃபோர்டிடம் பயிற்சிக்கு விட்டார்கள். பின்னாளில் பிராட்ஃபோர்ட் அரசாங்க அச்சகராக, ஆளுநரின் பக்கம் பேசும் ‘நியூயார்க் கெஜட்’டை நடத்தினார், எதிர்ப்பத்திரிகையை நடத்தியவர் அவரிடம் பயின்ற மாணவர். ஆனால் பிராட்ஃபோர்டும் ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்றவர்தான். 1692இல் பிலடெல்பியாவில், அதிகாரத்தில் இருந்தவர்களை விமரிசித்த ஒரு துண்டுநூலை அச்சிட்டதற்காக அவர் மீது வழக்கு வந்தது. அச்சிட்டது யார் என்பதை மட்டுமல்ல, அச்சிட்டது குற்றமா என்பதையும் ஜூரிதான் முடிவு செய்ய வேண்டும் என்று அவர் அங்கே வாதாடினார். ஜூரி ஒரு முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. சாட்சியப் பொருளாகக் கொண்டுவரப்பட்ட அச்சுக்கோப்பை ஜூரிகளில் ஒருவர் கைத்தடியால் தொட்டுப் பார்க்கப் போக, எழுத்தெல்லாம் சிதறி விழுந்து, சாட்சியமே இல்லாமல் போயிற்று என்று ஒரு கதையும் உண்டு.

அந்தக் கதை உண்மையோ இல்லையோ, எனக்கு அது கண்முன் நிற்கிறது. நான் பதினொரு ஆண்டுகள் எங்கள் ஊர் அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன். கேஸ் என்கிற எழுத்துப் பெட்டியிலிருந்து ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் கோத்து, கட்டி முடித்த பக்கம் கைதவறி விழுந்தால் ஒரு நாள் உழைப்பு போய்விடும். எங்கள் முதலாளி சொல்லிக்கொடுத்த முதல் பாடம், எந்த வேலையானாலும் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும் என்பது. 1867ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் கட்டளையிட்டிருந்தது. ஏதாவது வம்பு வந்தால் போலீஸ் முதலில் படிப்பது அந்தக் கடைசி வரியைத்தான் என்பார் அவர்.

ஜெங்கரின் பத்திரிகையிலும் ஒரே ஒரு உண்மைப் பெயர்தான் இருந்தது. அது அச்சகக்காரரின் பெயர். கட்டுரைகளைப் பெரும்பாலும் எழுதியும் தொகுத்தும் தந்தவர் ஜேம்ஸ் அலெக்சாண்டர் என்ற வழக்கறிஞர். கூடவே வில்லியம் ஸ்மித், மாரிஸ் போன்றவர்கள். எல்லோரும் புனைபெயர்களுக்குப் பின்னால் இருந்தார்கள்.

டிரினிட்டியிலிருந்து சில நிமிட நடையில் ஃபெடரல் ஹால். இப்போது நிற்கும் தூண்கள் கொண்ட கட்டடம் 1842இல் சுங்க மாளிகையாகக் கட்டப்பட்டது. இதே இடத்தில்தான் பழைய நகர மன்றம் இருந்தது. நீதிமன்றமும் சிறையும் அந்த ஒரே கட்டடத்துக்குள். வாசலில் ஜார்ஜ் வாஷிங்டனின் பெரிய சிலையோடு படம் எடுத்துக்கொள்ளக் கூட்டம் நெருக்கியடிக்கிறது. உள்ளே போனதும் வட்டக் கூடத்தின் குளிர்ச்சியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பத்திரிகையை அடக்க அரசாங்கம் எடுத்த ஒவ்வொரு முயற்சியும் யாரோ ஒருவரின் மறுப்பில் மோதி நின்றது. 1734 ஜனவரியில் டிலான்சி, குற்றம் சுமத்தும் அதிகாரம் கொண்ட பெரும் ஜூரியிடம் இந்த அவதூறுகளைக் கவனியுங்கள் என்று சொல்லிப் பார்த்தார், அவர்கள் அசையவில்லை. அக்டோபரில் மறுபடியும் கேட்டார். எழுதியது யார் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிறகு ஆளுநரின் ஆலோசனைக் குழு 7, 47, 48, 49 ஆகிய நான்கு இதழ்களைப் பொது இடத்தில் எரிக்க உத்தரவிட்டு, நகர மன்றத்தார் அனைவரும் வந்து பார்க்க வேண்டும் என்றது. மன்றத்தார் அந்த உத்தரவைப் பதிவேட்டில் ஏற்றவே மறுத்தார்கள். நகரத்தின் ஊழியர் எரிப்பதற்கும் அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் நவம்பர் 6 அன்று, ஷெரீஃப் தன்னிடமிருந்த ஒரு கறுப்பின அடிமையைக் கொண்டு அவற்றை எரிக்கச் செய்தார்.

நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, ஜெங்கர் கைது செய்யப்பட்டார். தன் தொழிற்கருவிகளும் உடுப்புகளும் போக நாற்பது பவுண்டு சொத்துகூட இல்லை என்று அவர் ஆணையிட்டுச் சொல்ல, டிலான்சி 400 பவுண்டு ஜாமீனும், தலா 200 பவுண்டுக்கு இரண்டு ஆள் ஜாமீனும் கேட்டார். பத்திரிகை ஒரே ஒரு வாரம்தான் நின்றது. அடுத்த இதழில், இனி சிறைக் கதவின் துவாரம் வழியாக மனைவியிடமும் வேலையாட்களிடமும் பேசி வாசகர்களுக்குப் பத்திரிகையைத் தருவேன் என்று ஜெங்கர் எழுதினார்.

அந்த மனைவி அன்னா கேத்தரினா. ஏறத்தாழ ஒன்பது மாதங்கள், வாராவாரம், கணவர் சிறையில் இருக்க, பிள்ளைகள் வீட்டில் இருக்க, அச்சகம் அவர் பொறுப்பில் ஓடியது. ஒரு வாரப் பத்திரிகைக்கு எத்தனை ஆயிரம் எழுத்துகளைக் கோத்து, அச்சிட்டு, பிரித்து மறுபடியும் கேஸில் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஃபெடரல் ஹாலில் ஆண்ட்ரூ ஹாமில்டனின் பெயரைப் பல முறை படித்தேன். அன்னாவுக்கு இன்னும் பெரிய இடம் தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஜனவரியில் அடுத்த பெரும் ஜூரியும் குற்றம் சுமத்தாமலே கலைந்தது. ஆகவே அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் பிராட்லி, ஜூரியைத் தாண்டித் தாமே ஒரு குற்றப் பத்திரிகை தாக்கல் செய்தார். அதில் சுட்டிக்காட்டப்பட்டவை இரண்டு இதழ்கள். காரியங்கள் இப்படியே போனால் தங்கள் சுதந்திரமும் சொத்தும் நிலையற்றவை என்றும், தங்களுக்கும் சந்ததிக்கும் அடிமைத்தனம் வந்து சேரும் என்றும் மக்கள் நினைப்பதாக ஓர் இதழ் எழுதியிருந்தது. நீதிபதிகள் விருப்பப்படி நீக்கப்படுகிறார்கள், ஆளுநர் நினைத்தால் ஜூரி விசாரணையே இல்லாமல் போகிறது என்று இன்னோர் இதழ் எழுதியிருந்தது. ஜெங்கரின் வழக்கறிஞர்களான அலெக்சாண்டரும் ஸ்மித்தும் நீதிபதிகளின் நியமனமே செல்லாது என்று ஏப்ரலில் வாதம் வைக்க, டிலான்சி அவர்கள் இருவரையும் வழக்காடும் உரிமையிலிருந்து நீக்கினார். ஜான் சேம்பர்ஸ் என்ற இளைஞரை நீதிமன்றமே நியமித்தது. ஆளுநரிடம் வேலை செய்தவர்களைச் சேர்த்துத் தயாரித்த ஜூரிப் பட்டியலை எதிர்த்து நேர்மையான பட்டியலைப் பெற்றுத் தந்தது அவர்தான். அந்தப் பெருமை அவருக்குச் சேர வேண்டும்.

ஆகஸ்ட் 4 காலை, பிலடெல்பியாவிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஹாமில்டன் எழுந்து நின்றபோது அவருக்கு அறுபதை நெருங்கிய வயது. எடுத்த எடுப்பிலேயே, ஆம், என் கட்சிக்காரர்தான் அச்சிட்டார் என்று ஒப்புக்கொண்டார். பிராட்லிக்கு அதுவே போதுமாக இருந்தது. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, அச்சிட்டாரா இல்லையா என்பது மட்டுமே ஜூரி தீர்மானிக்க வேண்டிய கேள்வி. அது அவதூறா என்பதை நீதிபதி சொல்வார். எழுதியது உண்மை என்பது தற்காப்பாகாது. உண்மையான குற்றச்சாட்டு பொய்யைவிட அதிகமாக மக்களைக் கிளர்ந்தெழச் செய்யும் என்பதால் உண்மை குற்றத்தைக் கூட்டும் என்றுகூடக் கருதினார்கள். குற்றப் பத்திரிகையிலேயே ‘பொய்யான’ என்ற சொல் இருக்கிறதே, அது பொய் என்று நிரூபியுங்கள், நாங்கள் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறோம் என்றார் ஹாமில்டன். உண்மையைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று டிலான்சி மறுத்தார். அந்தக் கணத்தில்தான் ஹாமில்டன் நீதிபதியை விட்டுவிட்டு ஜூரியின் பக்கம் திரும்பினார். நடந்ததெல்லாம் உங்கள் கண்முன் நடந்தது, நீங்களே சாட்சிகள் என்று அவர்களிடம் சொன்னார். சட்டத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றார். இது ஓர் ஏழை அச்சகக்காரரின் வழக்கு மட்டுமல்ல, நியூயார்க்கின் வழக்கு மட்டுமல்ல, உண்மையைப் பேசியும் எழுதியும் தன்னிச்சையான அதிகாரத்தை எதிர்க்கும் சுதந்திரத்தின் வழக்கு என்று முடித்தார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சட்டம் டிலான்சியின் பக்கம்தான் இருந்தது. தாமஸ் ஹன்ட் தலைமையில் அமர்ந்திருந்த அந்தப் பன்னிரண்டு பேர் சட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் தீர்ப்பளிக்கவில்லை. அதைத் தெளிவாகக் கேட்ட பிறகே அதன்படி நடக்க மறுத்தார்கள். சிறிது நேரத்திலேயே திரும்பி வந்து ‘குற்றமில்லை’ என்றபோது, மண்டபத்தில் மூன்று முறை ஆரவாரம் எழுந்தது. மறுநாள் ஜெங்கர் வெளியே வந்தார்.

இதனால் சட்டம் மாறவில்லை. ஒரு ஜூரியின் தீர்ப்பு முன்னுதாரணம் ஆகாது. இங்கிலாந்தில் ஜூரிக்கு அந்த அதிகாரம் 1792இல்தான் சட்டமாயிற்று. நியூயார்க்கில், 1804இல் ஹாரி கிராஸ்வெல் என்ற பத்திரிகையாளருக்காக அலெக்சாண்டர் ஹாமில்டன் வாதாடினார் (ஆண்ட்ரூவுக்கு இவர் உறவில்லை; இவரும் டிரினிட்டி தோட்டத்தில்தான் இருக்கிறார்). நல்ல நோக்கத்தோடு சொன்ன உண்மை தற்காப்பாகும் என்ற சட்டம் அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. நம் அவதூறுச் சட்டத்தின் முதல் விலக்கும் உண்மையோடு பொதுநலத்தையும் சேர்த்தே கேட்கிறது. ஆனால் 1735க்குப் பிறகு நியூயார்க்கில் எந்த ஆளுநரும், ஜூரி தன் பக்கம் நிற்கும் என்று நம்பி அச்சகக்காரர் ஒருவரைக் கூண்டில் ஏற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டியதாயிற்று. 1789 செப்டம்பரில் முதல் காங்கிரஸ், பத்திரிகைச் சுதந்திரத்தைச் சொல்லும் அரசியலமைப்புத் திருத்தத்தை மாநிலங்களின் ஒப்புதலுக்கு அனுப்பியது இதே மனையில் நின்ற, புதுப்பிக்கப்பட்ட அதே பழைய கட்டடத்திலிருந்துதான்.

ஆகஸ்ட் 5, கறுப்பின மக்களின் மயானம்

நேற்று எழுதி முடித்த பிறகு, இதழ்களை எரித்த அந்த அடிமையின் நினைவு தூங்கவிடவில்லை. எல்லோரும் மறுத்த வேலை அது. மறுக்க முடியாத ஒருவரின் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

வால் ஸ்ட்ரீட் ஆற்றைத் தொடும் முனையில் 1711 முதல் அடிமைச் சந்தை இயங்கியது. இப்போது அங்கே ஓர் அறிவிப்புப் பலகை மட்டும் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே நடந்து டுவேன் தெருவிலுள்ள ஆப்பிரிக்க மயான நினைவிடத்துக்குப் போனேன். 1991இல் ஓர் அரசாங்கக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது வெளிவந்த 419 பேரின் எச்சங்கள் அங்கே மீண்டும் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. கருங்கல் சுவருக்கு நடுவே இறங்கிச் செல்லும் பாதையில் பேச்சரவமே இல்லை.

1741இல், அடிமைகள் நகரத்தைக் கொளுத்தச் சதி செய்தார்கள் என்று ஒரு பீதி கிளம்பியது. அதே நகர மன்றத்தில் நடந்த விசாரணைகளின் முடிவில் முப்பது கறுப்பின ஆண்கள் தூக்கிலிடப்பட்டோ உயிரோடு எரிக்கப்பட்டோ கொல்லப்பட்டார்கள். நீதிபதிகளில் ஒருவர் ஜெங்கர் வழக்கில் டிலான்சிக்கு அருகில் அமர்ந்திருந்த ஃபிரெடெரிக் ஃபிலிப்ஸ். அரசுத் தரப்பில் பிராட்லிக்குத் துணை நின்றவர்கள் ஜேம்ஸ் அலெக்சாண்டர், வில்லியம் ஸ்மித், ஜான் சேம்பர்ஸ். குற்றம் சாட்டப்பட்ட அடிமைகளுக்காக வாதாட ஒரு வழக்கறிஞரும் இல்லை. தங்கள் சந்ததிக்கு அடிமைத்தனம் வந்துவிடும் என்று அஞ்சி எழுதிய அதே மனிதர்கள்தான் இவர்கள். ஜெங்கர் வழக்கின் மீது எனக்குள்ள மரியாதை இதனால் குறையவில்லை. ஆனால் இதை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்ல என்னால் இனி முடியாது.

ஆகஸ்ட் 6, பிலடெல்பியா

ரயிலில் ஒன்றரை மணி நேரம். ஹாமில்டனுக்கு இந்த வழி நாள்கணக்கில் ஆகியிருக்கும். வெற்றிக்குப் பிறகு பிளாக் ஹார்ஸ் விடுதியில் அவருக்கு விருந்து வைத்தார்கள். புறப்பட்டபோது துறைமுகக் கப்பல்கள் பீரங்கி முழங்கின. செப்டம்பரில் நியூயார்க் நகர மன்றம் தங்கப் பேழையில் நகர உரிமைப் பத்திரத்தை அனுப்பி வைத்தது. அவர் 1741இல் மறைந்தார். மறைந்த நாளும் ஆகஸ்ட் 4தான்.

பின்னாளில் சுதந்திர மண்டபம் என்று பெயர் பெற்ற பென்சில்வேனியா அரசு மாளிகையைத் திட்டமிட்டு எழுப்பியதிலும் ஹாமில்டனுக்குப் பெரும் பங்குண்டு. வழக்குக்காக அவர் நியூயார்க் கிளம்பியபோது கட்டுமானம் நடந்துகொண்டிருந்தது. செங்கல் முகப்பை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மார்க்கெட் தெருவில் ஃபிராங்க்ளின் வளாகத்திலுள்ள பழைய மாதிரி அச்சகத்துக்குப் போனேன். பூங்காத் துறையின் ஊழியர் ஒருவர், தோல் உருண்டைகளால் எழுத்தின்மேல் மை ஒற்றி, தாளை மடக்கி வைத்து, மரத்தாலான அச்சுப்பொறியின் நெம்புகோலை உடல் முழுவதும் சாய இழுத்துக் காட்டினார். அந்த ஈயத்தின் வாசனையும் மையின் வாசனையும் எங்கள் ஊர் அச்சகத்தில் இருந்த அதே வாசனைதான். நானும் கம்பாசிட்டர் என்று சொன்னதும், கயிற்றைத் தாண்டி உள்ளே வரச் சொல்லி ஸ்டிக்கை என் கையில் கொடுத்தார். என் இடது கட்டைவிரல் எங்கே போக வேண்டும் என்று தானாகவே அறிந்திருந்தது.

ஜெங்கர் 1746இல் இறந்த பிறகும் அன்னா கேத்தரினா 1748 வரை பத்திரிகையை நடத்தினார். விடுதலையான பிறகு ஜெங்கர் 1737இல் நியூயார்க்கின் அரசாங்க அச்சகராகவும் ஆனார். வழக்கு விவரத்தைத் தானே 1736இல் நூலாக அச்சிட்டுப் பரப்பினார். எழுதியவர்களின் பெயரை மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை.

மாலையில் சுதந்திர மண்டபத்தின் மேற்குப் பக்கக் கட்டடத்தில், கண்ணாடிக்குள் மங்கிய வெளிச்சத்தில், 1776 ஜூலையில் முதலில் அச்சான சுதந்திரப் பிரகடனத்தின் பிரதி ஒன்றைப் பார்த்தேன். நாம் படங்களில் பார்க்கும் ஐம்பத்தாறு கையெழுத்துகளும் இந்தத் தாளில் இல்லை. அவை பிறகு வந்தவை. அரசனை எதிர்த்து வெளிவந்த இந்தத் தாளில் காங்கிரஸ் தலைவர் ஜான் ஹான்காக், செயலாளர் சார்லஸ் தாம்சன் என்று இரண்டு பெயர்கள். அவற்றுக்கும் கீழே, நான் தேடிக்கொண்டு குனிந்த இடத்தில், சிறிய எழுத்தில் மூன்றாவது பெயர் இருந்தது: பிலடெல்பியா, அச்சிட்டவர் ஜான் டன்லப்.